ஒரே தறியில் புகார்தாரரும் எதிரியும்

சட்டத்தின் பிரிவு எண்களை எல்லாம் மாற்றிவிட்டார்கள். கொலைக்கு ஓர் எண், திருட்டுக்கு ஓர் எண், அடிதடிக்கு ஓர் எண் என்று என் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தவை ஒரே நாளில் செல்லாமல் போயின. தொழிலை விட்டு வீட்டில் இருக்கும் எனக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க யாரோ வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்ட மாதிரி தவித்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஜூனியராக இருந்து இப்போது ஆரணி கோர்ட்டில் தனியாகத் தொழில் செய்யும் மகேஸ்வரி, என் தவிப்பைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா சார், எவ்ளோ கேஸ் பாத்தவரு, அசெம்பிளிக்கே போய்ட்டு வந்தவரு, போயும் போயும் நம்பர் மாறினதுக்கு இப்பிடி ஆடிப் போய்ட்டீங்களே" என்றாள். வக்கீல் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படியும் சொன்னாள். "உங்கள அசைச்சுப் பாத்த கேஸ் எதுவோ அத எழுதுங்க சார்."

என்னைப் பற்றி அவளுக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. நான் அசையாத ஆள் இல்லை. நாற்பது வருஷம் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, உள்ளுக்குள் திடுக்கிட்டுக்கொண்டே இருந்தவன். முகத்தில் காட்டாமல் இருக்க மட்டும்தான் கற்றுக்கொண்டேன். அதைக்கூட என் சீனியர்தான் அடித்துச் சொல்லிக் கொடுத்தார். "கட்சிக்காரன் சொல்றதக் கேட்டு நீ வாயப் பொளந்தா, ஜட்ஜும் பொளப்பாரு" என்பார். அவரிடம் இருந்த வருஷங்களில் வாய்தா வாங்கினேன், நகல் மனு போட்டேன், அவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டு வாங்கி வந்தேன். பயிற்சி என்று சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பிறகு தனியாக வந்தேன். வந்தவாசி, செய்யார், ஆரணி என்று பஸ்ஸிலேயே பாதி ஆயுள் போயிற்று. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம். வாழைத்தாரும் கோழியும் ஃபீஸாக வந்த காலம் போய், ஃபீஸே வராத காலமும் வந்தது. யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் போவேன், யார் செத்தாலும் மாலையோடு போய் நிற்பேன். அது தேர்தலுக்கான வேலை என்று எனக்கே தெரியாது. நான் பேருக்கு இருந்த அரசியல் கட்சியில் இரண்டு பெரிய ஆட்களுக்குள் சண்டை வந்து, இவனும் வேண்டாம் அவனும் வேண்டாம் என்று என் தலையில் சீட்டைக் கட்டினார்கள். ஜெயித்துவிட்டேன். எதிர்த்து நின்றவரைவிட நான்தான் அதிகம் அதிர்ந்தேன்.

சட்டசபையில் முதல் அதிர்ச்சி முதல் கூட்டத் தொடரிலேயே வந்தது. ஒரு சட்ட மசோதாவை எடுத்தார்கள். நான் சட்டத்தில் ஒரு அரைப்புள்ளிக்காக அரை நாள் வாதாடிய ஆள். கோடு போட்டு, குறிப்பு எழுதி, பேசத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க என்று ஒரு குரல். ஆம் என்று ஒரு முழக்கம். முடிந்தது. பக்கத்தில் இருந்த உறுப்பினரிடம், "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "அவ்ளோதான். வாங்க, கேன்டீன்ல வடை சூடா இருக்கும்" என்றார். எனக்கு வடை இறங்கவில்லை. கோர்ட்டில் நாங்கள் வேதம் மாதிரி தூக்கிக்கொண்டு அலைந்த சட்டங்களும் இப்படித்தான் பிறந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே ஊர் திரும்பினேன்.

எம்.எல்.ஏ. ஆன பிறகும் நான் தொழிலை விடவில்லை. சபை இல்லாத நாட்களில் காலையில் என் அலுவலகத்தில் ஜனங்களிடம் மனு வாங்குவேன், பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவேன். மகேஸ்வரி கேட்ட கேஸ் அப்போது வந்ததுதான்.

முள்ளிப்பட்டில் ஏகாம்பரம், தணிகாசலம் என்று அண்ணன் தம்பிகள். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், நடுவில் ஒரு பட்டுத் தறி. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை அவர்கள் வேலை. அதற்குத் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் இழை சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ள, அது உள்ளே ஓட, மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணன் வலப்பக்கம், தம்பி இடப்பக்கம். மீசை முளைத்த நாளிலிருந்து அதே பலகை, அதே இடம்.

தணிகாசலத்தின் மகள் செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போனாள். கூட வேலை செய்த ஒரு கிறிஸ்தவப் பையனை விரும்பினாள். தணிகாசலம் நின்று கல்யாணத்தை நடத்தி வைத்தார். ஏகாம்பரம் போகவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. தறி நிற்கவில்லை. காலையில் பல் விளக்கிவிட்டு வந்து இருவரும் ஒரே பலகையில் உட்காருவார்கள், ஒரு வார்த்தை பேசாமல் நெய்வார்கள், எழுந்து அவரவர் பக்கம் போய்விடுவார்கள்.

ஒரு நாள் வாசலில் வந்து நின்ற யாரோ அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிக்க, ஏகாம்பரம் நெய்துகொண்டே அவளை ஒரு வார்த்தை சொன்னார். தணிகாசலம் கையில் நாடா இருந்தது. பட்டு சுற்றிய, இரண்டு முனையிலும் இரும்பு வைத்த நாடா. தறிக்குள் விட வேண்டியதை அண்ணன் முகத்தில் எறிந்தார். இரும்பு முனை இடது கண்ணில் பாய்ந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தும் அந்தக் கண் போனது போனதுதான்.

ஏகாம்பரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே புகார் கொடுத்தார். போலீஸ் தணிகாசலத்தைப் பிடித்து வேலூர் ஜெயிலுக்கு அனுப்பியது. தணிகாசலத்தின் மகளும் மருமகனும் என்னிடம் வந்து அழுதார்கள். நான் கேஸை எடுத்துக்கொண்டேன். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்போம். தணிகாசலம் எதிரி, நான் எதிரியின் வக்கீல்.

ஜாமீன் மனு போட்டிருந்த வாரம். காலையில் மனு வாங்கிக்கொண்டிருந்தேன். தெரு விளக்கு, முதியோர் பென்ஷன், சுடுகாட்டுப் பாதை என்று வரிசை நகர்ந்தது. கண்ணில் கட்டோடு ஒருவர் வந்து நின்றார். பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க இங்க வரக்கூடாதுங்க. நான் உங்க தம்பிக்கு வக்கீல். கேஸ் பத்தி உங்ககிட்ட நான் பேசக் கூடாது."

"வக்கீல்கிட்ட வரலீங்க. எம்.எல்.ஏ.கிட்ட வந்துகிறேன்" என்றார் ஏகாம்பரம்.

உட்காரச் சொன்னேன்.

"அவன ஜல்தியா வெளிய எடுக்கணுங்க. தறி நின்னுகினு இருக்குது. மொதலாளி நெய்யக் குடுத்த பாவு நூலு பாதியில தொங்குது. ஒரு ஆளு உக்காந்து கோர்வ நெய்ய முடியுமா?"

என் காதை நான் நம்பவில்லை. கண்ணைப் பறிகொடுத்தவர், பறித்தவருக்கு ஜாமீன் கேட்டு, பறித்தவரின் வக்கீலிடமே வந்திருக்கிறார்!

"அப்போ கேஸ வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எப்பிடிங்க? கண்ணு போயிருக்குது. தண்டன வாங்கியே ஆவணும். பாவு முடியிற வரைக்கும் வெளிய வுடச் சொல்றேன், அவ்ளோதான்."

"வேற ஆள வெச்சு நெய்ய வேண்டியதுதானே?"

"கை மாறினா கரை கோணும்ங்க" என்றார். நெசவு தெரியாதவனிடம் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்கிற மாதிரி எழுந்தார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா மாஜிஸ்திரேட்டு அம்மா கேக்க மாட்டாங்களா?"

"கேக்கக் கூடாதுங்க."

"அப்ப எதுக்குத்தான் ஓட்டுப் போட்டோம்?"

அந்த மாஜிஸ்திரேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் வயதுதான் இருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வக்கீல் கத்தினால் பேனாவை மூடி வைத்துவிடுவார். கத்தி முடித்து மூச்சு வாங்கும்போது, "சரி, இப்ப சொல்லுங்க" என்று மறுபடி திறப்பார். சாட்சி சொல்வதைத் தன் கையாலேயே தமிழில் எழுதிக்கொள்வார். சாட்சி "அடிச்சான்" என்றால் "தாக்கினார்" என்று எழுத மாட்டார், அடிச்சான் என்றே எழுதுவார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானா? ஏதாவது சேர்ந்திருக்கா, விட்டுப் போயிருக்கா?" என்று கேட்பார். கட்டை விரல் ரேகை வைக்கும் கிழவியிடமும் அப்படித்தான் கேட்பார். ஒரே முழக்கத்தில் சட்டம் நிறைவேறுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்த எனக்கு, ஒரு தறிக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு இவர் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

ஜாமீன் விசாரணையில் அரசு வக்கீல் கடுமையாக எதிர்த்தார். கண் போன கேஸ், வெளியே விட்டால் புகார்தாரரின் உயிருக்கே ஆபத்து என்றார். பின் வரிசையில் இருந்து அந்தப் புகார்தாரரே எழுந்தார். அரசு வக்கீல் கையைக் காட்டி உட்காரச் சொன்னதை அவர் கவனிக்கவில்லை.

"அம்மா, ஆபத்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவன வெளிய வுடுங்க."

"சமாதானமாப் போறீங்களா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"இல்லீங்க. கேஸ் நடக்கட்டும். தண்டன குடுங்க. தறி வேல முடியணும்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. ஏகாம்பரம் சொன்னதை எழுதினார், படித்துக் காட்டினார், சரிதானா என்று கேட்டார். தணிகாசலத்துக்கு ஜாமீன் கிடைத்தது. புகார்தாரரிடம் எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு நிபந்தனை. ஊரிலிருந்தே வெளியே அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். முள்ளிப்பட்டுக்கு வேறு விஷயமாகப் போன போலீஸ்காரர் ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். எதிரியும் புகார்தாரரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார்கள். அவர் பதறிப் போய் ஸ்டேஷனில் சொல்ல, ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு வந்துவிட்டது. என் கட்சிக்காரர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்த குற்றத்துக்காக மறுபடி ஜெயிலுக்குப் போகும் நிலைமை. சாட்சியைக் கலைக்கிறார் என்று அரசு வக்கீல் அடித்துப் பேசினார்.

மாஜிஸ்திரேட் ஏகாம்பரத்தைக் கூண்டில் ஏற்றி அவரே கேட்டார்.

"உங்க தம்பி உங்ககிட்ட பேசினாரா?"

"இல்லீங்க."

"கேஸ் பத்தி ஒரு வார்த்த?"

"கேஸ் பத்தியும் இல்ல, சோறு தண்ணி பத்தியும் இல்ல. அந்தக் கல்யாணத்துல இருந்தே பேச்சு கெடையாதுங்க."

"நீங்க பேசினீங்களா?"

"அவங்கிட்ட எனக்கு இன்னாங்க பேச்சு?"

"பேசாம ரெண்டு பேரும் எப்படி நெய்யறீங்க?"

இந்தக் கேள்வி ஏகாம்பரத்துக்கு விளங்கவே இல்லை. "நான் கால் கட்டைய மிதிச்சா அவனுக்குத் தெரியுங்க. நெய்யறதுக்கு எதுக்குங்க பேசணும்?"

மனு தள்ளுபடியானது. வெளியே வந்து பார்த்தால், முள்ளிப்பட்டுப் போகும் டவுன் பஸ்ஸில் அண்ணன் முன் படியில் ஏறினார், தம்பி பின் படியில் ஏறினார். நான் கோட்டைக் கழற்றாமல் அங்கேயே நின்று பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேஸ் இழுத்தது. அந்தப் பாவு முடிந்து அடுத்த பாவு ஏறியது. ஒருவழியாக விசாரணைக்கு வந்தது. இத்தனை நடந்த பிறகு ஏகாம்பரம் கூண்டில் ஏறி, யார் எறிந்தது என்று தெரியாது என்று பிறழ்ந்துவிடுவார் என்றுதான் நான் நம்பினேன். அரசு வக்கீலும் அப்படித்தான் நினைத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். ஏகாம்பரமோ ஒன்று விடாமல் சொன்னார். நாடா, எறிந்த கை, பாய்ந்த இடம், எல்லாம். எறிந்தவர் யார் என்று கேட்டதும், எதிரிக் கூண்டில் நின்ற தம்பியை விரலால் காட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

குறுக்கு விசாரணையில் எனக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம். ஆத்திரமூட்டியது அவர்தான் என்று நிறுவ வேண்டும்.

"எறியறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க. என்ன வார்த்தை?"

"அத இன்னொரு தரம் என் வாயால சொல்ல மாட்டேங்க."

"கெட்ட வார்த்தையா?"

"ஆமாங்க."

"யாரப் பத்தி?"

"அவன் பொண்ணப் பத்தி." மாஜிஸ்திரேட் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தார். "எம் பொண்ண எவனாவது அப்பிடிச் சொல்லியிருந்தா நானும் எறிஞ்சிருப்பேன். அதுக்காக அவன் எறிஞ்சது இல்லேன்னு ஆயிடுமா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒரு சாட்சியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்தது எதிரியை விசாரிக்கும் கட்டம். சாட்சிகள் சொன்னதை மாஜிஸ்திரேட் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று எதிரியிடம் கேட்பார். இந்த நாட்டில் எல்லா வக்கீலும் எல்லாக் கட்சிக்காரருக்கும் சொல்லிக் கொடுக்கும் பதில் ஒன்றுதான், பொய். கேள்வி நீளமாக இருந்தாலும் பொய், புரியாவிட்டாலும் பொய். தணிகாசலத்துக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன். என் வாதமும் தயாராக இருந்தது. வாசலில் நின்ற ஆள் சாட்சி சொல்ல வரவில்லை, பார்த்தவர் அண்ணன் ஒருவர்தான், இருவருக்கும் பகை. நல்ல வாதம்தான் அது.

போலீஸ்காரர் சொன்னதற்குப் பொய் என்றார். மகஜர் சாட்சி சொன்னதற்குப் பொய் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"உங்க அண்ணன் ஏகாம்பரம், நீங்க நாடாவ எறிஞ்சதுலதான் கண்ணு போச்சுன்னு சொல்றார். அதுக்கு என்ன சொல்றீங்க?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். மூடினார். நான் கண்ணால் சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாருங்க" என்றார்.

மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். "உங்க வக்கீல்கிட்ட கலந்து பேசிட்டு பதில் சொல்றீங்களா? டைம் தர்றேன்" என்றார். அவர் குரல் அப்போது கொஞ்சம் மாறியிருந்தது.

"வேணாங்க. அவர் சொன்னது நெசம்."

மாஜிஸ்திரேட் எழுதினார். படித்துக் காட்டினார். ஏதாவது சேர்ந்திருக்கிறதா, விட்டுப் போயிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் தணிகாசலம். பின் வரிசையில் ஏகாம்பரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

திடீர் ஆத்திரத்தில் செய்தது என்று குற்றத்தைக் குறைத்து, ஆறு மாதம் தண்டனை விதித்தார். அப்பீலுக்கு நான் அன்றே தயாராக இருந்தேன். தணிகாசலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு சண்டை போட்டும் கேட்கவில்லை. போலீஸ் வேன் கிளம்பும்போது அவர் மகள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏகாம்பரம் கேட்ட தண்டனை கிடைத்துவிட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் பயங்கரக் கோபம்.

கொஞ்ச நாளில் ஒரு ரேஷன் கடையைத் திறந்து வைக்க முள்ளிப்பட்டுக்குப் போனேன். திரும்பும்போது அந்த வீட்டைக் கடந்தேன். தெரு முழுக்க மற்ற தறிகளின் சத்தம். அந்த வீட்டில் சத்தமே இல்லை. காரை நிறுத்தச் சொல்லி உள்ளே போனேன். தறியில் பாவு அப்படியே தூசி படிந்து இருந்தது. பலகையில் வலப்பக்கம் ஏகாம்பரம் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"மொதலாளி பாவத் திருப்பி எடுத்துக்கினு போறேன்றாருங்க" என்றார். "எடுத்தா மறுபடி குடுக்க மாட்டாரு."

"கரை கோணினா கோணிட்டுப் போகட்டும்" என்றேன். கோபம் இன்னும் தீரவில்லை. "நெசவாளர் சொசைட்டியில சொல்லி நல்ல கைக்காரனா ஒரு ஆள நாளைக்கே அனுப்பறேன். எம்.எல்.ஏ.வா இதையாவது செய்யறேன்."

அவர் தலையை ஆட்டினார். பலகையின் இடப்பக்கத்தைக் கையால் தடவிக் காட்டினார்.

"கரைக்காக இல்லீங்க. இந்தப் பக்கம் எனக்கு இருட்டு. நாடா வர்றது தெரியாது. கையத்தான் நீட்டுவேன்." வெட்கப்பட்டவர் மாதிரி சொன்னார். "இங்க வேற எவனாவது உக்காந்து நாடா வுட்டா எனக்கு பயமா இருக்குங்க."